அமெரிக்க அரசுப் பள்ளிகளின் கரியர் அகாடமி: விண்ணப்பிக்கும் முன் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

செப்டம்பரில் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆனதும், எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பிக்கும். நியூ ஜெர்சியின் எடிசன், பார்சிப்பனி பக்கம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிட வரும் பெற்றோர், வகுப்பு முடியும் வரை பார்க்கிங்கில் நின்று பேசுவதில் பாதி இதுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது நியூ ஜெர்சி. நியூயார்க், வர்ஜீனியா பற்றியும் தேவையான இடங்களில் சொல்கிறேன். தேதிகளும் படிவங்களும் வருடா வருடம் மாறும். அதனால் உங்கள் கவுண்டியின் இந்த வருட அறிவிப்பைப் படித்துவிட்டே எதையும் முடிவு செய்யுங்கள்.

கரியர் அகாடமி என்றால் என்ன? தனிப் பள்ளியா, பள்ளிக்குள் ஒரு பிரிவா?

இரண்டும் உண்டு. முதல் வகை, சாதாரண அரசு ஹைஸ்கூலுக்குள்ளேயே இயங்கும் ஒரு சிறு பிரிவு. ஒரே துறையில் ஆர்வமுள்ள பிள்ளைகளை ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்பில் ஒரு குழுவாகச் சேர்ப்பார்கள். ஆங்கிலம், கணக்கு, அறிவியல் எல்லாம் வழக்கம்போல இருக்கும். கூடவே அந்தத் துறைக்கான பாடங்கள் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ சேரும். அந்தத் துறை நிறுவனங்களோடு தொடர்பும் இருக்கும். 1969-ல் பிலடெல்பியாவின் எடிசன் ஹைஸ்கூலில் தொடங்கிய எலெக்ட்ரிக்கல் அகாடமிதான் இதற்கு முன்னோடி. படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகளைத் தக்க வைக்கத்தான் அதைத் தொடங்கினார்கள். 1982-ல் புரூக்ளினின் ஜான் டூயி ஹைஸ்கூலில் வால் ஸ்ட்ரீட் நிதித்துறைக்காரர் சாண்டி வைல் ஆதரவோடு அகாடமி ஆஃப் ஃபைனான்ஸ் வந்தது. இன்று நாடு முழுக்க இருக்கும், நாஃப் (NAF) என்ற அமைப்பைச் சேர்ந்த அகாடமிகள் அதிலிருந்து வளர்ந்தவை.

இரண்டாம் வகை, கவுண்டி நடத்தும் முழுநேரப் பள்ளி. நியூ ஜெர்சியின் 21 கவுண்டிகளிலும் தொழில்நுட்பக் கல்விக்கான தனி டிஸ்டிரிக்ட் (பள்ளி நிர்வாக அமைப்பு) உண்டு. ஹாக்கன்சாக்கில் இருக்கும் பெர்கன் கவுண்டி அகாடமிஸ் இந்த வகை. மான்மவுத் கவுண்டியின் ஹை டெக்னாலஜி ஹைஸ்கூல், பயோடெக்னாலஜி ஹைஸ்கூல், மிடில்செக்ஸ் கவுண்டியில் எடிசனிலும் உட்பிரிட்ஜிலும் உள்ள, ஒரு துறையை மையமாக வைத்து நடக்கும் மேக்னட் பள்ளிகள் ஆகியவையும் இதே வகைதான். இவற்றில் சேரும் பிள்ளை ஊர் ஹைஸ்கூலுக்குப் போகவே மாட்டாள். அங்கேயே நான்கு வருடம் படிப்பாள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏற்பாடு வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டியில் இருக்கிறது. ஆஷ்பர்ன், பிராம்பிள்டன் பக்கம் தமிழர்கள் நிறையப் பேர் இருப்பதால் அங்கிருந்தும் கேள்வி வரும். 2018-ல் லீஸ்பர்க்கில் திறந்த அகாடமிஸ் ஆஃப் லவுடனுக்குப் பிள்ளைகள் ஒருநாள் விட்டு ஒருநாள் போவார்கள். மற்ற நாள் ஊர் ஹைஸ்கூல். அதனால் பழைய நண்பர்களும் ஊர்ப் பள்ளியின் விளையாட்டு அணியும் கையை விட்டுப் போவதில்லை.

நம்மூர் ஐடிஐ மாதிரியா? காலேஜுக்குப் போக முடியாமல் போய்விடுமா?

தாத்தா பாட்டியிடமிருந்து வாட்ஸ்அப்பில் முதலில் வரும் கேள்வி இதுதான். அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: மாநிலம் ஹைஸ்கூல் டிப்ளமாவுக்கு என்னென்ன பாடம் கேட்கிறதோ அத்தனையும் அகாடமியிலும் உண்டு. டிப்ளமாவும் அதே டிப்ளமா. பெர்கன், ஹை டெக் போன்ற இடங்களில் ஏறக்குறைய எல்லோருமே காலேஜுக்குத்தான் போகிறார்கள்.

ஆதாரத்தோடு பேச வேண்டுமானால் எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 9 ஹைஸ்கூல்களில், இடங்களை விட அதிகமாக விண்ணப்பித்த பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு அகாடமி, மறு பகுதிக்கு வழக்கமான வகுப்பு. பள்ளி முடித்து எட்டு வருடம் வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். அகாடமியில் இடம் கிடைத்தவர்களின் சம்பாத்தியம் சராசரியாக வருடத்துக்கு 11 சதவீதம், அதாவது சுமார் 2,000 டாலர் கூடுதல். ஆண்களில் அது 17 சதவீதம். டிப்ளமா பெறுவதிலோ காலேஜ் முடிப்பதிலோ இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்தக் கடைசி வரியை நம் பெற்றோர் இரண்டு முறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். காலேஜ் கதவை அகாடமி மூடுவதும் இல்லை, அதுவாகத் திறந்துவிடுவதும் இல்லை. அது தருவது ஒரு துறையில் கை வைத்துப் பழகும் நான்கு வருடம். அந்தப் பழக்கம் உங்கள் பிள்ளைக்கு வேண்டுமா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

யார் விண்ணப்பிக்கலாம்? விசாவில் இருப்பவர்களுக்கு உண்டா?

அந்தக் கவுண்டியிலோ டிஸ்டிரிக்டிலோ குடியிருக்க வேண்டும், அவ்வளவுதான் அடிப்படை. வாடகை ஒப்பந்தம், மின்சார பில் மாதிரி முகவரிச் சான்று கேட்பார்கள். விசா, கிரீன் கார்டு எதையும் பார்ப்பதில்லை. 1982-ல் பிளைலர் எதிர் டோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, குடியேற்ற நிலையைக் காட்டி அரசுப் பள்ளி ஒரு பிள்ளைக்கு இடம் மறுக்க முடியாது. எச்-4 பிள்ளைகள், அதாவது எச்-1பி மாதிரி வேலை விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகள், தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் பிறகு வரும், இன்டர்ன்ஷிப் சமயத்தில். எச்-4 பிள்ளைகளுக்கு வேலை அனுமதி கிடையாது. எச்-4 ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை குறிப்பிட்ட நிலையில் உள்ள கணவன் அல்லது மனைவிக்கு மட்டுமே. ஆகவே சம்பளம் தரும் இன்டர்ன்ஷிப் எதிலும் அந்தப் பிள்ளை சேர முடியாது. மதிப்பெண்ணுக்காகப் பள்ளி ஏற்பாடு செய்யும் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பாக இருந்தாலும், கையெழுத்துப் போடும் முன் உங்கள் விசா வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியைப் பெற்றோருக்குச் சுற்றிக் காட்டும் ஓபன் ஹவுஸுக்குப் போகும்போதே “வேலை அனுமதி இல்லாத பிள்ளைகளுக்கு இன்டர்ன்ஷிப்புக்குப் பதிலாக என்ன தருவீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. பல பள்ளிகள் ஆய்வுக்கூடத்திலேயே செய்யும் புராஜெக்ட் ஒன்றை மாற்றாக வைத்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் எல்லா நண்பர்களும் கம்பெனிக்குக் கிளம்பும்போது தன்னால் மட்டும் போக முடியாது என்று பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தெரிய வந்தால், அது மிகவும் வலிக்கும்.

எப்போது விண்ணப்பிப்பது?

பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போது. பெரும்பாலான இடங்களில் அக்டோபர், நவம்பரில் ஓபன் ஹவுஸ். நவம்பர் முதல் ஜனவரிக்குள் விண்ணப்பக் கெடு. நுழைவுத் தேர்வும் நேர்காணலும் இருந்தால் குளிர்காலத்தில். முடிவு வசந்த காலத்தில். ஊர் ஹைஸ்கூலுக்குள் இருக்கும் அகாடமி என்றால் கவுன்சிலர் (பள்ளியின் மாணவர் ஆலோசகர்) மூலம் ஒரு தனிப் படிவம், கெடுவும் கொஞ்சம் தாமதமாக இருக்கலாம்.

ஆனால் பல இடங்களில் ஏழாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டையும் கேட்பார்கள். அதனால் மதிப்பெண் விஷயத்தில் எட்டாம் வகுப்பு வரை காத்திருக்க முடியாது. ஏழாம் வகுப்பிலேயே பிள்ளையை விரட்டுங்கள் என்று சொல்லவில்லை. ஒரு பருவத்தில் மதிப்பெண் சரிந்தால் அது எங்கோ பதிவாகிறது என்று பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

என்னென்ன கேட்பார்கள்?

இடத்துக்கு இடம் மாறும். பெர்கனில் மதிப்பெண், ஆசிரியர் பரிந்துரை, ஆங்கிலம் மற்றும் கணக்குத் தேர்வு, அதன் பிறகு நேர்காணல். நடனம், இசை, ஓவியப் பிரிவுகளுக்கு ஆடிஷன் அல்லது போர்ட்ஃபோலியோ. ஊர்ப் பள்ளிக்குள் இருக்கும் அகாடமிகளில் பெரும்பாலும் ஒரு கட்டுரை, வருகைப் பதிவு, ஒன்றிரண்டு பரிந்துரைகளோடு முடிந்துவிடும். இடத்தை விட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் போடும் இடங்களும் உண்டு. எந்தப் பகுதிக்கு எத்தனை புள்ளி என்பதைச் சில டிஸ்டிரிக்டுகள் வெளிப்படையாகவே போட்டுவிடும். அதைத் தேடிப் படியுங்கள். தேர்வே இல்லாத இடத்துக்குத் தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன.

எந்த அகாடமியைத் தேர்ந்தெடுப்பது?

இந்தப் பக்கத்தில் மற்ற எதையும் விட இதற்குத்தான் நேரம் ஒதுக்கிப் படிக்கச் சொல்வேன்.

பெர்கனையே எடுத்துக்கொள்வோம். ஒரே கட்டிடத்துக்குள் ஏழு அகாடமிகள்: அறிவியல் தொழில்நுட்பம், மருத்துவ அறிவியல், பொறியியல் வடிவமைப்பு, கம்ப்யூட்டர், வணிகம்-நிதி, சமையல்-ஹோட்டல் நிர்வாகம், காட்சி மற்றும் நிகழ்கலை. பிள்ளை இவற்றில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். இரண்டாவது விருப்பம் என்று எதுவும் கிடையாது. உடனே வீட்டில் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். “எதில் போட்டி குறைவு? அதில் நுழைந்துவிட்டுப் பிறகு மாறிக்கொள்ளலாமா?” மாறுவது மிகவும் கடினம். கேக் மாவைக் கூடத் தொட விரும்பாத பிள்ளையைச் சமையல் அகாடமிக்கு அனுப்பினால், அவள் நான்கு வருடம் வாரா வாரம் ஏப்ரன் கட்டிக்கொண்டு அங்கே நிற்க வேண்டும். நேர்காணல் எடுப்பவர்களும் அனுபவசாலிகள், விருப்பமில்லாத பிள்ளையை எளிதில் கண்டுகொள்வார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் நம்மிடம் உண்டு. மருத்துவம், கம்ப்யூட்டர் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை. மான்மவுத் கவுண்டியில் சாண்டி ஹூக் கடற்கரையில் மாஸ்ட் என்றொரு பள்ளி இருக்கிறது. கடல் அறிவியல்தான் அதன் மையம். பிள்ளைகள் கடற்படையின் ஜூனியர் ஆர்ஓடிசி பயிற்சியிலும் கட்டாயம் சேர வேண்டும், சீருடை அணிய வேண்டும். குவீன்ஸில் ஏவியேஷன் ஹைஸ்கூல் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் நிஜ விமான இன்ஜினைக் கழற்றி மாட்டிப் படிக்கிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-யின் விமானப் பராமரிப்பு உரிமத் தேர்வு எழுதும் தகுதியோடு வெளியே வருகிறார்கள். ஃப்ளஷிங் கணேசர் கோயிலுக்கு வாரா வாரம் வரும் எத்தனையோ குடும்பங்களுக்கு, காரில் சிறிது தூரத்தில் இப்படி ஒரு அரசுப் பள்ளி இருப்பதே தெரியாது.

பிள்ளையிடம் “உனக்கு என்ன ஆக வேண்டும்?” என்று கேட்காதீர்கள். பதிமூன்று வயதில் அதற்குப் பதில் இருக்காது. நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லும். “எந்த வேலை செய்யும்போது சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறாய்?” என்று கேளுங்கள், அல்லது கேட்காமலேயே ஒரு மாதம் கவனியுங்கள். அப்புறம் அந்த அகாடமியின் பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பாடப் பட்டியலை எடுத்து இருவரும் உட்கார்ந்து படியுங்கள். பெயரில் மருத்துவம் என்று இருக்கும். உள்ளே பார்த்தால் ஓரிடத்தில் ஆய்வுக்கூட ஆராய்ச்சி, இன்னோரிடத்தில் நர்ஸ் உதவியாளர் பயிற்சி. நர்ஸ் உதவியாளர் சான்றிதழுக்கு மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும், பல மாநிலங்கள் இன்னும் கூடவே கேட்கும். அந்தப் பயிற்சியில் பிள்ளை முதியோர் இல்லத்துக்குப் போய், படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு உடம்பு துடைத்துவிட வேண்டியிருக்கும். வாயில் சோறு ஊட்ட வேண்டியிருக்கும். சில பிள்ளைகளுக்கு அந்த ஒரு வாரம்தான் டாக்டர் ஆக வேண்டும் என்ற எண்ணத்தை உறுதியாக்குகிறது. சிலருக்கு இது தனக்கான வேலை இல்லை என்று புரிகிறது. இரண்டுமே பதினேழு வயதில் தெரிந்துகொள்ள வேண்டிய நல்ல விஷயங்கள்.

நியூயார்க் நகரில் பள்ளிகளைப் பட்டியல் போட்டு வரிசைப்படுத்தச் சொல்கிறார்களே, அதில் ஏதாவது தந்திரம் உண்டா?

கிடையாது. உண்மையான விருப்ப வரிசையில் எழுதுவதுதான் சிறந்த வழி. நகரத்தின் ஹைஸ்கூல் ஒதுக்கீட்டைப் பொருளாதார அறிஞர்கள் அத்திலா அப்துல்காதிரோக்லு, பராக் பதக், ஆல்வின் ராத் வடிவமைத்துக் கொடுத்தார்கள். 2003-ல் தொடங்கிய சேர்க்கையிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆல்வின் ராத் 2012-ல் பொருளாதார நோபல் பெற்றவர். நீங்கள் ஒரு பள்ளியை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால், இரண்டாவது பள்ளியில் உங்களுக்கான வாய்ப்பு அதனால் குறையாதபடிதான் அந்த முறையை அமைத்திருக்கிறார்கள். கிடைக்காது என்று பயந்து மிகவும் பிடித்த பள்ளியைக் கீழே தள்ளினால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

கட்டுரையை நாங்கள் எழுதிக் கொடுக்கலாமா? ஏஐ வைத்து எழுதலாமா?

கூடாது. விதி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பிள்ளை வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னைப் பற்றி முன்பின் தெரியாதவரிடம் எழுதிச் சொல்லும் சந்தர்ப்பம் இது. அதை நாம் பிடுங்கிக்கொண்டால், “நீ எழுதினால் தேறாது” என்று அவளிடம் சொன்னதாகிவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது, எழுத விஷயத்தை ஞாபகப்படுத்துவது. “சின்ன வயதிலிருந்தே எனக்கு அறிவியல் பிடிக்கும்” என்று தொடங்கும் கட்டுரைகள் கட்டுக்கட்டாக வரும். பொறியியல் அகாடமிக்கு எழுதும் பிள்ளை இப்படித் தொடங்கலாம்: “இட்லிக்கு அரைத்துக்கொண்டிருக்கும்போது மிக்ஸி சத்தம் போட்டது, ஜார் சுற்றவில்லை. ஜாரை எடுத்துப் பார்த்தேன். மோட்டாருக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் கப்ளரின் பற்கள் தேய்ந்து போயிருந்தன. கழற்றப் பார்த்தேன், வரவில்லை. அது எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும் என்று அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ஏன் அப்படிச் செய்திருக்கிறார்கள்?” மோட்டார் ஓடும்போது கப்ளர் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக என்று அந்தப் பிள்ளையே கண்டுபிடித்து அடுத்த பத்தியில் எழுதினால், படிப்பவர் நிச்சயம் நிமிர்ந்து உட்காருவார். அமெரிக்க ஆசிரியருக்கு இட்லி மாவு புரியுமா என்று கவலைப்பட வேண்டாம், ஒரு வரியில் விளக்கிவிடலாம். நம் வீட்டு விஷயத்தை மறைத்து எழுதும்போதுதான் கட்டுரை யாருடையது என்றே தெரியாமல் போகிறது.

எழுதி முடித்ததும் எழுத்துப் பிழை பாருங்கள். புரியாத வரியைக் காட்டி “இங்கே என்ன சொல்ல வந்தாய்?” என்று கேளுங்கள். அதோடு பேனாவை வைத்துவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு யாரைக் கேட்பது?

பெரும்பாலும் கணக்கு, ஆங்கில ஆசிரியர் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால், அதிக மதிப்பெண் கொடுத்தவரை விடப் பிள்ளையை நன்றாகத் தெரிந்தவரைக் கேளுங்கள். கேட்க வேண்டியது பிள்ளை, நேரில், கெடுவுக்கு மூன்று வாரமாவது முன்பு. நீங்கள் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பி நினைவூட்டுவது வேண்டாம், பிள்ளையே பணிவாக ஒரு முறை நினைவூட்டினால் போதும். ஆசிரியர் எழுதியதைக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள்.

நேர்காணலுக்கு எப்படித் தயார் செய்வது?

நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. “ஏன் இந்த அகாடமி?” என்று கேட்டால், “அப்பா இன்ஜினியர், அதனால் எனக்கும்...” என்று ஆரம்பிப்பார்கள். வீட்டில் சொல்லிக் கொடுத்தது அப்படியே வெளியே வருகிறது. பதிலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் அவர்கள் செய்த ஏதாவது ஒன்றைப் பற்றி, ஏன், எப்படி, சரிவராதபோது என்ன செய்தாய் என்று சும்மா பேசுங்கள். உங்கள் நண்பர் ஒருவரை அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசச் சொல்லுங்கள். முன்பின் அறியாத பெரியவரிடம் கண்ணைப் பார்த்துப் பேசும் பழக்கம் வந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாத கேள்விக்குத் “தெரியவில்லை, ஆனால் இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன்” என்று சொல்வது நல்ல பதில் என்றும் சொல்லி வையுங்கள். நம் வீடுகளில் தெரியாது என்று சொல்வது தவறு என்றே வளர்த்துவிடுகிறோம்.

கோச்சிங் சேர்க்க வேண்டுமா?

தேர்வு இருக்கும் இடத்தில் மாதிரிக் கேள்விகளைப் போட்டுப் பார்ப்பது அவசியம். நூலகத்தில் கிடைக்கும் புத்தகமும் வீட்டில் ஒரு கடிகாரமும் போதும். கணக்கில் ஒரு பகுதி புரியவே இல்லை என்றால் அதற்கு மட்டும் உதவி தேடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே சனி, ஞாயிறு முழுக்க வகுப்பு வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. அகாடமிக்குத் தேவையான ஆர்வம் பிள்ளைக்கு எப்போது வளரும்? அந்த சனி, ஞாயிறுகளில்தான்.

செலவு எவ்வளவு? பஸ் வருமா?

கட்டணம் இல்லை, அரசுப் பள்ளிதான். நியூ ஜெர்சியில் கவுண்டிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கான பணத்தை உங்கள் ஊர் டிஸ்டிரிக்டே கட்டும், பொதுவாக பஸ்ஸும் அதன் பொறுப்பு. ஆனால் பஸ் காலை ஆறு, ஆறேகாலுக்கே வரலாம். பெர்கன் கவுண்டியில் மட்டும் 70 ஊராட்சிகள், பிள்ளைகள் எல்லா மூலையிலிருந்தும் வருகிறார்கள். மாலையில் கிளப் முடிந்து வரும் லேட் பஸ் உங்கள் ஊர் வரை வருமா என்று கேளுங்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் நான்கு வருட நிம்மதி இந்த ஒரு பதிலில் இருக்கிறது. மற்றபடி சீருடை, ஷூ, எச்ஓஎஸ்ஏ, எஃப்பிஎல்ஏ மாதிரி மாணவர் அமைப்புகளின் போட்டிப் பயணம் என்று சில்லறைச் செலவுகள் வரும். கஷ்டமாக இருந்தால் கவுன்சிலரிடம் தயங்காமல் சொல்லுங்கள், உதவ வழி இருக்கும்.

பிள்ளைக்கு ஐஇபி அல்லது 504 திட்டம் இருக்கிறது. குறிப்பிடலாமா?

குறிப்பிடலாம். இரண்டுமே குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பள்ளி எழுதித் தரும் உதவித் திட்டங்கள். அதைக் காரணமாக்கி விலக்கி வைப்பது சட்டத்துக்கு விரோதம். 504 என்பதே 1973-ன் மறுவாழ்வுச் சட்டத்தின் ஒரு பிரிவின் எண். தேர்வில் கூடுதல் நேரமோ தனி அறையோ வேண்டுமென்றால் விண்ணப்பத்தோடு சேர்த்தே எழுதிக் கேளுங்கள், தேர்வுக்கு முதல் வாரம் கேட்டால் சிரமம். பெற்றோரில் யாருக்காவது ஆங்கிலம் சரளமாக வராது என்றால், கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பள்ளியிடம் கேட்கலாம். பல டிஸ்டிரிக்டுகள் போனிலேயே ஏற்பாடு செய்துவிடும். அம்மாவுக்காகப் பிள்ளையே மொழிபெயர்க்க வேண்டிய நிலை வர வேண்டியதில்லை.

இரண்டு மூன்று வருடத்தில் இந்தியா திரும்பினாலும் திரும்புவோம். சேர்க்கலாமா?

சேர்க்கலாம், பாடங்களைப் பார்த்துச் சேருங்கள். அமெரிக்க டிப்ளமாவோடு இந்தியக் கல்லூரிக்குப் போகும்போது, இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சமநிலைச் சான்றிதழ் கேட்கப்படும். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கையும் மேல்நிலை அளவில் படித்துத் தேறியிருக்க வேண்டும். இங்கே பல பள்ளிகளில் உயிரியல் ஒன்பதாம் வகுப்பிலேயே முடிந்துவிடும். வணிக அகாடமியில் சேரும் பிள்ளை அதன் பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருக்கலாம். திரும்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், கடைசி இரண்டு வருடத்தில் காலேஜ் அளவிலான ஏபி பாடங்களில் உயிரியல், வேதியியல், இயற்பியல் எடுக்க இடம் உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள். நடுவில் திரும்புபவர்களுக்கு இன்னொன்று: இங்கே பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு நம்மூர் மாதிரி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சான்று எதுவும் கையில் இருக்காது. டிரான்ஸ்கிரிப்டை (பாட, மதிப்பெண் பதிவை) முத்திரையோடு வாங்கி வையுங்கள்.

கிடைக்கவில்லை. இனி என்ன?

முதலில், பிள்ளை எதிரில் அந்த அகாடமியைத் திட்டாதீர்கள், யாருக்குக் கிடைத்தது என்ற கணக்கும் எடுக்காதீர்கள். மார்ச் மாதத்தில் தமிழ்ப் பள்ளி வராண்டாவில் பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு நாள் அழட்டும், விடுங்கள்.

வெயிட்லிஸ்ட் என்றால் விருப்பம் இன்னும் இருப்பதைக் கெடுவுக்குள் எழுதிக் கொடுங்கள். கோடை வரை இடம் நகரும். இல்லை என்றே வந்துவிட்டால் ஊர் ஹைஸ்கூல் கவுன்சிலரைச் சந்தித்து, அந்தத் துறைப் பாடங்கள் அங்கே என்னென்ன இருக்கின்றன என்று கேளுங்கள். பிராஜெக்ட் லீட் தி வே என்ற பொறியியல், உயிரி மருத்துவப் பாடத்திட்டம் ஏராளமான சாதாரண ஹைஸ்கூல்களில் நடக்கிறது. பதினொன்றாம் வகுப்பிலிருந்து கவுண்டி காலேஜில் பாடம் எடுக்கலாம். அரைநாள் தொழில்நுட்பப் பள்ளிகளும் பல கவுண்டிகளில் உண்டு, அவற்றில் பத்து, பதினொன்றாம் வகுப்பிலும் சேர்க்கை நடக்கும்.

சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாமா?

விடலாம். ஊர் ஹைஸ்கூலில் உங்கள் பிள்ளைக்கு எப்போதும் இடம் உண்டு. வருட முடிவில் மாறுவது நல்லது, நடுவில் மாறினால் பாடங்கள் பொருந்தாமல் போகும். பிடிக்காமல் போனது பாடமா, பயணக் களைப்பா, நண்பர்கள் கிடைக்காததா என்று மட்டும் நிதானமாகப் பேசிப் பாருங்கள். முதல் நவம்பரில் திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொன்ன பிள்ளை, மார்ச்சில் ரோபோட்டிக்ஸ் அணியோடு இரவு எட்டு மணி வரை பள்ளியிலேயே கிடப்பதும் நடக்கிறது.

இடம் கிடைத்துவிட்டது. உடனே சரி சொல்லிவிடலாமா?

பதில் சொல்ல ஒன்றிரண்டு வாரம் தருவார்கள். அதைப் பயன்படுத்துங்கள். ஒருநாள் முழுக்க ஒரு மாணவரோடு வகுப்பில் உட்கார அனுமதிக்கும் ஷேடோ டே இருந்தால் பிள்ளையை அனுப்புங்கள். ஊர் ஹைஸ்கூலின் பாடப் பட்டியலையும் அகாடமியின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தமிழ், பரதம், கிரிக்கெட், நீச்சல் என்று இப்போது செய்வதில் எதை விட வேண்டியிருக்கும் என்று பிள்ளையே ஒரு தாளில் எழுதட்டும். பெர்கனில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் புதன்கிழமைதோறும் வகுப்புக்குப் பதிலாக இன்டர்ன்ஷிப் போகிறார்கள், அதற்கு வண்டி யார் ஓட்டுவது என்பது வரை பேசிவிடலாம். பிறகு ஆன்லைனில் சம்மதத்தை பிள்ளையின் கையாலேயே பதிய வையுங்கள். அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிப் பதிவு, முகவரிச் சான்று, பஸ் படிவம் மூன்றுக்கும் கெடு அதே வாரத்தில்தான் வரும்.